கிளினிக்கல் எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜி எம்.எஸ்.: கடன் வாங்கிப் போகலாமா?

#1 தாமிரபரணி

எல்லோருக்கும் வணக்கம். பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து இரண்டரை வருடம் ஆகிறது. தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசியோவாக இருக்கிறேன். பைபாஸ் முடிந்தவரைக் கட்டிலில் எழுப்பி உட்கார வைப்பது, ஸ்பைரோமீட்டரில் மூச்சு இழுக்க வைப்பது, வராந்தாவில் நடக்க வைப்பது, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மாடி ஏற்றி இறக்கிப் பார்ப்பது. என் வேலை அதோடு முடிந்துவிடும். டிஸ்சார்ஜ் அன்று "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்புவோம்.

போன மாதம் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் செக்கப்புக்கு வந்திருந்தார். நான் நடக்க வைத்தவர்தான். ஆறு மாதமாக வாசலைத் தாண்டவில்லையாம். "நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்கு, தையல் விட்டுப்போச்சுன்னா என்ன செய்ய" என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியிருக்கிறார்கள். தொடை இரண்டும் சூம்பிப் போயிருந்தன. எவ்வளவு வேகத்தில் நடக்கலாம், எவ்வளவு நேரம், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். எண்ணோடு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று இரவுதான், நோயாளிக்கு உடற்பயிற்சியை அளந்து கொடுக்கச் சொல்லித் தரும் இந்த கிளினிக்கல் எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜி படிப்பைத் தேட ஆரம்பித்தேன்.

இப்போது இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. 38 லட்சம் கடன், வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும். அப்பா சரி என்கிறார், ஆனால் அம்மா தூங்குவதில்லை. படித்தால் என்ன வேலை, உரிமம் கிடைக்குமா, கடனை அடைக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

#2 ஹூஸ்டன் வாசி

தம்பி, முதலில் ஒன்று. இந்த எம்.எஸ். முடித்தால் அமெரிக்காவில் பிசியோவாக வேலை பார்க்க முடியாது. இது வேறு தொழில், அது வேறு தொழில். நிறைய பேர் குழம்பிப்போய்ப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

இங்கே பிசியோ ஆக வேண்டுமென்றால் உங்கள் பிபிடி மதிப்பெண் பட்டியலை எஃப்சிசிபிடி போன்ற அமைப்புக்கு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். குறைவாக இருக்கும் பாடங்களைப் படித்து ஈடுகட்ட வேண்டும். பிறகு என்பிடிஇ என்ற தேசிய பிசியோ தேர்வு, மாநில உரிமம். நான் வந்த வழி அதுதான். ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்கள் என்று அரசு வைத்திருக்கும் ஷெட்யூல் ஏ பட்டியலில் பிசியோ இருப்பதால் கிரீன் கார்டு மனுவில் ஒரு பெரிய கட்டமே குறையும். சம்பளத்தையும் பாருங்கள். 2023 அரசு புள்ளிவிவரத்தில் பிசியோவின் நடு ஊதியம் வருடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் டாலர். எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிஸ்டுக்கு சுமார் 55 ஆயிரம். 38 லட்சம் கடன் வைத்திருப்பவர் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

#3 ஏரிக்கரை

ஹூஸ்டன் அண்ணன் சொன்ன கணக்கு சரி, அதை யாரும் மறுக்க முடியாது. நான் அந்த 55 ஆயிரம் பக்கத்தில் இருப்பவள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நானும் பிபிடி முடித்துவிட்டுத்தான் இந்த எம்.எஸ்.ஸுக்கு வந்தேன். தம்பி கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நடத்துநர் ஐயா கேட்ட கேள்வி இருக்கிறதே, இந்தப் படிப்பு முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். எவ்வளவு, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது. மாத்திரைக்கு மில்லிகிராம் இருப்பது போல நடைக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

முதல் செமஸ்டரில் எங்களுக்கு ஓர் ஆய்வைப் பாடமாக வைத்தார்கள். 1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்கள் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன் அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். அந்த முப்பது வருட முதுமை செய்த சேதத்தை விட மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம். அதைப் படித்த அன்று, ஊரில் "அசையாமப் படுங்க" என்று நாம் சொல்லி வைத்த எத்தனையோ முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. உங்கள் நடத்துநர் வீட்டுக்குள்ளேயே கிடந்தது ஆறு மாதம்.

அப்புறம் ஆய்வகம். டிரெட்மில் டெஸ்ட் நம்மூரிலும் எடுக்கிறார்கள், டிஎம்டி என்று சொல்வோம். அதில் பெரும்பாலும் புரூஸ் முறைதான். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1960களில் ஒழுங்குபடுத்தியது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். இங்கே அந்த டெஸ்ட் நடக்கும்போது பல மருத்துவமனைகளில் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட்தான். டாக்டர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பார். ஒரு கண் ஈசிஜியில், ஒரு கை பிபி பட்டையில். ஈசிஜி கோட்டில் எஸ்டி பகுதி இறங்குகிறதா (இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம்), பிபி ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறதா, முகம் வெளிறுகிறதா என்று பார்த்துக்கொண்டே அவரோடு பேச்சும் கொடுக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்ற முடிவு சில நொடிகளில் எடுக்க வேண்டியது. ஈசிஜி பாடத்தில் நூற்றுக்கணக்கான பட்டைகளைப் படிக்க வைத்தது எதற்கு என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன், இது உங்களுக்கு நாளைக்கே உதவும். அறுபது வயதுக்காரர் என்றால் 220இலிருந்து வயதைக் கழித்து, 160இல் 70 சதவீதம், நிமிடத்துக்கு 112 துடிப்பு வரை நடக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஆனால் பைபாஸ் முடிந்தவர் பெரும்பாலும் மெட்டோப்ரோலால் மாதிரி, இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் இதயம் 160க்குப் போகவே போகாது. டெஸ்டில் அவருடைய உச்சம் 118, சும்மா இருக்கும்போது 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இருப்பது 60 துடிப்புதான். அதில் 60 சதவீதம் 36. 58ஐக் கூட்டினால் 94. அவருக்கான இலக்கு அது. 112 என்று சொல்லி அனுப்பினால் அவருடைய சக்தியில் 90 சதவீதத்துக்கு விரட்டுகிறோம் என்று அர்த்தம். இரண்டு நாள் நடந்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார். டெஸ்டே எடுக்காதவர் என்றால், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணில் சொல்லும் போர்க் அளவுகோல் இருக்கிறது. 6 முதல் 20 வரை எண். 11 முதல் 13 வரை, அதாவது "லேசு"க்கும் "கொஞ்சம் சிரமம்"என்பதற்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொல்வோம்.

இப்போது வேலை எப்படி என்று. அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு காப்பீடான மெடிகேர் மாரடைப்பு, பைபாஸ், ஸ்டென்ட், வால்வு அறுவை முடிந்தவர்களுக்கு 36 அமர்வுகள் கொடுக்கிறது. 2014இலிருந்து இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் உண்டு. 2017இலிருந்து கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு 12 வாரம் மேற்பார்வையோடு நடைப்பயிற்சி. இவ்வளவு இருந்தும் தகுதியுள்ள மெடிகேர் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வருகிறார். தூரம், வண்டி ஓட்ட ஆளில்லாதது, ஒவ்வொரு அமர்வுக்கும் கட்ட வேண்டிய பங்குத்தொகை, டாக்டர் சீட்டு எழுத மறந்தது. என் வேலை நாளில் பாதி, வராதவர்களுக்கு போன் பண்ணுவதில் போகிறது. படிக்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

வருபவர்களில் சிலரை மறக்க முடியாது. நெஞ்சுக்குள் எல்விஏடி பம்ப் (பலவீனமான இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைத் தள்ளும் கருவி) வைத்தவர்கள் வருவார்கள். ரத்தம் தொடர்ச்சியாக ஓடுவதால் பலருக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்காது. ரத்த ஓட்டத்தை ஒலியால் கண்டறியும் டாப்ளர் கருவி வைத்துத்தான் பிபி பார்ப்போம். நாடி இல்லாத ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டே பேத்தி கல்யாணத்தைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். சம்பளக் கணக்கை ஒருமுறை அல்ல, பலமுறை போட்டுப் பார்த்தவள் நான். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

உரிமம்: எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிஸ்டுக்கு மாநில உரிமம் கொடுப்பது லூசியானா மட்டும்தான், 1995 சட்டத்தின்படி. மற்ற இடங்களில் சான்றிதழ்தான் மதிப்பு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் நடத்தும் தேர்வு முக்கியமானது. அதை எழுத நோயாளிகளோடு செலவழித்த மணிநேரம் காட்ட வேண்டும். கிளினிக்கல் எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜியில் எம்.எஸ். முடித்தவருக்கு நான் எழுதிய காலத்தில் 600 மணி, இளநிலை மட்டும் என்றால் 1,200.

#4 தாமிரபரணி

அக்கா, இதை மூன்று முறை படித்தேன். 94க்கும் 112க்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்தது மனதை உறுத்துகிறது.

அந்த 600 மணி நேரத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா? முதல் பல்கலைக்கழகம் "இன்டர்ன்ஷிப் உண்டு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாவது கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை.

#5 குறிஞ்சி

இந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன், அதனால் எழுதுகிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம்.

சேரும்போது "இன்டர்ன்ஷிப் உண்டு" என்று எனக்கும் சொன்னார்கள். மூன்றாவது செமஸ்டரில் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து நீங்களே மருத்துவமனைகளைக் கேளுங்கள் என்றார்கள். பட்டியலில் பதினொரு இடம். ஏழு இடம் மாணவர்களை எடுப்பதை நிறுத்தி வருடக்கணக்காகியிருந்தது. கிடைத்த ஓர் இடம் 90 மைல் தூரம், என்னிடம் கார் கிடையாது. ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது, அதற்கும் கட்டணம் கட்டினேன்.

ஆகவே தம்பி, அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: போன வருட மாணவர்கள் எந்தெந்த மருத்துவமனைக்குப் போனார்கள்? ஒப்பந்தம் கையெழுத்தாகி இருக்கிறதா? வெளிநாட்டு மாணவர் யாராவது போனாரா? இந்தப் படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் காஹெப் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? பெயர் சொல்லிப் பதில் வந்தால் நம்பலாம்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிக்கான 26.0908 என்றால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் வருகிறது. படித்தபின் 12 மாத ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி), அதற்குமேல் 24 மாத நீட்டிப்பு. என் படிப்பை 31.0505 என்ற எண்ணில் பதிந்திருந்தார்கள். நான் படித்தபோது அது பட்டியலில் இல்லை. ஒரே மாதிரி பாடம், ஒரே மாதிரி புத்தகம். என் தோழிக்கு மூன்று வருடம் கிடைத்தது, எனக்கு ஒன்று.

இன்டர்ன்ஷிப்பை சிபிடியில் (படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி) செய்வீர்கள். முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் ஓபிடியே போய்விடும், அதையும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

#6 ஹூஸ்டன் வாசி

குறிஞ்சி சொன்ன எண் விஷயம் எனக்கே தெரியாது. நன்றி.

#7 மெல்பர்ன் ஜன்னல்

ஆஸ்திரேலியாவையும் ஒரு பார்வை பார்க்கலாம். இங்கே எசா என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடித்தால் அக்ரெடிட்டட் எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட் என்ற தகுதி. பிசியோவும் நர்ஸும் போல ஆப்ராவில் (மருத்துவத் தொழிலர்களைப் பதியும் அமைப்பு) பதிவு கிடையாது, ஆனாலும் இந்த நாட்டு அரசு காப்பீடான மெடிகேரில் இடம் உண்டு. குடும்ப டாக்டர் திட்டம் எழுதிக் கொடுத்தால் நாள்பட்ட நோயாளிக்கு வருடத்துக்கு 5 அமர்வு, அதை பிசியோ, டயட்டீஷியன் எல்லோரும் பங்கு போட வேண்டும். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிக்குக் குழுவாக 8 அமர்வு தனியாக உண்டு.

இதயத்தோடு நிற்காது. முதுகுவலி, புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநல நோயாளிகள் என்று நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் முதுநிலைக்கு எக்ஸர்சைஸ் சயின்ஸ் இளநிலைப் பாடங்களை எதிர்பார்ப்பார்கள். பிபிடி வைத்திருப்பவர் முதலில் சில பாடங்களை எடுக்க வேண்டி வரலாம், அதன் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

#8 வைகைக்கரை

நான் மதுரையில் இதய மருத்துவர். இழை முழுக்க விசா, சம்பளம், எண் என்று போகிறது, தப்பில்லை. ஆனால் அந்த நடத்துநர் எங்கே போனார்?

தாமிரபரணியைப் போன்ற பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டுத் திரும்புவதில்லை. இங்கே நாங்கள் ஸ்டென்ட் வைக்கிறோம், பைபாஸ் செய்கிறோம், அப்புறம் நோயாளியை அனுப்ப ஓர் இடம் கிடையாது. மருத்துவமனையில் படுத்தால் காப்பீடு பணம் கொடுக்கும். வாரம் மூன்று நாள் வந்து நடந்துவிட்டுப் போனால் பெரும்பாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கூலி வேலைக்காரர் எப்படி வருவார்?

இந்தியாவுக்கு ஏற்றபடி செய்து பார்த்த முயற்சியும் உண்டு. டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர் நாடு முழுவதும் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகாவை அடிப்படையாக வைத்து ஒரு மறுவாழ்வுத் திட்டத்தைச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. பெரிய இதய நிகழ்வுகள் குறைந்ததாக உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் தங்கள் உடல்நலம் தேவலை என்று சொன்னார்கள், பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நடந்தது அது. இதைத் தொடர்ந்து செய்ய இங்கே ஆள் வேண்டும்.

#9 ஏரிக்கரை

டாக்டர் ஐயா, நீங்கள் சொல்வது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் படித்துவிட்டு, கட்டணம் கட்ட ஆளில்லாத வேலைக்குத் திரும்பி வா என்று ஓர் இளைஞனிடம் நம்மால் கேட்க முடியுமா? அந்தச் சுமையை அவர் வீட்டின் மேல் மட்டும் வைப்பது நியாயமாகப் படவில்லை. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு வேலை இடம் உருவாக்கப்பட்டால் திரும்பிவர ஆள் இருக்கிறார்கள். நானே யோசிப்பேன்.

தெற்காசியர்களுக்கு இதய நோய் சீக்கிரம் வருகிறது என்பதை இங்கேயும் இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டியில் தெற்காசிய வம்சாவளி என்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். என் பிரிவுக்கு நாற்பது வயதில் தமிழரும் தெலுங்கரும் வருகிறார்கள். வேலைக்குப் போக வேண்டும் என்று பத்தாவது அமர்வோடு நின்றுவிடுபவர்களும் அவர்கள்தான். அவர்களிடம் தமிழில் பேசித் தொடர்ந்து வர வைக்க ஓர் ஆள் இங்கேயும் தேவைப்படுகிறது.

தம்பி, போகிறீர்களோ இல்லையோ, ஆறு நிமிட நடைச் சோதனையை நாளைக்கே தொடங்கலாம். 30 மீட்டர் நேர் வராந்தா, இரண்டு முனையிலும் ஒரு கூம்பு, ஒரு ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் ஒரு நாற்காலி. முன்னும் பின்னும் பிபி, துடிப்பு, ஆக்ஸிஜன். உங்கள் டாக்டரின் அனுமதி மட்டும் கட்டாயம். கூடவே நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர் ஓடுவார்.

அப்புறம் ஜிஏ, அதாவது கல்லூரியே மாணவருக்குத் தரும் உதவியாளர் வேலை, கேளுங்கள். ஆய்வகத்திலோ, நகரத்துப் பெரியவர்களுக்குக் கல்லூரி நடத்தும் உடற்பயிற்சித் திட்டத்திலோ வாரம் 20 மணி வேலை கொடுத்து, கட்டணத்தில் ஒரு பகுதியையாவது தள்ளுபடி செய்வார்கள். லா கிராஸ், பால் ஸ்டேட் மாதிரி இந்தத் துறையில் பழைய பல்கலைக்கழகங்களில் இப்படி வளர்ந்தவர்கள் நிறைய. கேட்காதவருக்குக் கிடைக்காது.

#10 தாமிரபரணி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

குறிஞ்சி அக்கா கொடுத்த கேள்விகளை அப்படியே இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். முதல் இடம் நான்கு மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லி, போன வருடம் இரண்டு வெளிநாட்டு மாணவர்கள் போனதையும் எழுதியிருக்கிறது. எண் 26.0908. ஜிஏ பற்றி அடுத்த வாரம் நேர்காணல். இரண்டாவது இடம் "இது மாணவரின் பொறுப்பு" என்று ஒரே வரியில் பதில் போட்டது. அதை விட்டுவிட்டேன். ஜிஏ கிடைத்தால் கடன் 20 லட்சத்துக்குள் வரும், போவேன். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போட்டு மறுபடி விண்ணப்பிப்பதாக வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். நேற்று அம்மா தூங்கினார்.

வைகைக்கரை ஐயா, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்ய இப்போது என்னால் முடியவில்லை, ஆனால் பேச விரும்புகிறேன்.

இன்னொன்று. எங்கள் இதய மருத்துவரிடம் அனுமதி வாங்கி, நடத்துநர் ஐயாவை போன வியாழன் வரச் சொல்லியிருந்தேன். இரண்டாம் மாடி வராந்தா சரியாக 31 மீட்டர், அதில் 30ஐ அளந்து தண்ணீர்க் கேன் இரண்டை முனைக்கு ஒன்றாக வைத்தோம். ஆறு நிமிடத்தில் 240 மீட்டர் நடந்தார். இரண்டு முறை நின்றார், நாற்காலியில் உட்காரவில்லை. துடிப்பு 62இலிருந்து 96. போர்க் 13 என்றார். தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தவர் நான்காவது நிமிடத்தில் கையை எடுத்துவிட்டார்.

காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம், துடிப்பு 85 முதல் 92 வரை என்று மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டை எடுத்துப் போயிருக்கிறார். நாடி பார்க்க அவர் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

#11 ஏரிக்கரை

நான்கு வாரம் கழித்து அதே வராந்தாவில், அதே நேரத்தில், மாத்திரை சாப்பிட்டு அதே இடைவெளியில் மறுபடி எடுங்கள். 30 மீட்டர் கூடினாலே அது உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணை இங்கே போடுங்கள் தம்பி, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.